கடல் தாண்டிய பின் முதல் குண்டு

ஜனவரி 22

காலையிலிருந்து வடகிழக்குக் காற்று. தபால் விமானம் இன்றும் வரவில்லை; இது மூன்றாம் நாள். விறகு பிளந்தேன். புகையிட்ட சால்மன் ஜாடிகளில் இரண்டுதான் மிச்சம்.

பதினொரு மணிக்கு எமில் வந்தார். காரணமில்லாமல் என் வீட்டுப் படியேறும் ஆள் அல்ல. இரண்டு கோப்பைத் தேநீர் முடியும்வரை காற்றைப் பற்றியே பேசினார். பிறகு பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் சொன்னார்:

“ஃபெக்லா, இந்த வசந்தத்துல நீ முகாம் சமையலைப் பாத்துக்கோயேன்.”

பத்தொன்பது வருடமாக அவருடைய கரடி முகாமில் வழிகாட்டியாக இருக்கிறேன். வெளியூரிலிருந்து வரும் வேட்டைக்காரர் சுடுவார். அடிபட்ட கரடி ஆல்டர் புதருக்குள் புகுந்துகொண்டால் பின்னால் போவது நான். அதற்காகத்தான் என்னிடம் 375 இருக்கிறது. கழுதை மாதிரி உதைக்கும் துப்பாக்கி. சூப் கிண்ட அது தேவையில்லை.

“நவம்பர்ல ஒரு தடவை தப்பினதுக்கா?” என்றேன்.

“ஒரு தடவை தப்பினா போதும். ரெண்டாவது தடவை எண்ணறதுக்கு ஆள் இருக்காது.”

அவர் சொன்னதில் தவறில்லை. முப்பது கஜத் தூரத்தில் என் குண்டு கரடியின் வயிற்றுக்குக் கீழே சேற்றில் விழுந்தது. அவருடைய குண்டுதான் அதை நிறுத்தியது.

மார்ச் 27 சோதனையில் நானும் சுடுகிறேன், அதற்குப் பிறகு முடிவு சொல்லுங்கள் என்றேன். தொப்பியை மாட்டினார். “சரி.”

அவருடைய சோதனைக்கு விதி ஒன்றுதான். முகாம் திறக்கும் முன், எல்லா வழிகாட்டிகளின் துப்பாக்கிகளும் படகின் முன்புறத் தரையில் உறை இல்லாமல் கிடக்க வேண்டும். படகு ஒரு மணி நேரம் அலையில் அடிபட்டு விரிகுடாவைக் கடக்கும். அக்கரையில் இறங்கியதும் ஒரே ஒரு குண்டு. எண்பது தப்படியில் ஆளுக்கொரு காகிதச் சாப்பாட்டுத் தட்டு. பயிற்சிக் குண்டு கிடையாது. கரடியும் பயிற்சிக் குண்டு தராது என்பார்.

அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். துப்பாக்கிக் குழலின் நுனியிலுள்ள முன்குறி எனக்கு இரண்டாகத் தெரிகிறது. நவம்பரில் மட்டும் அல்ல. இரண்டு வருடமாக.

ஜனவரி 24

விமானம் வந்தது. திரும்பிப் போகும்போது நானும் ஏறிக்கொண்டேன். தம்பி நிகீட்டாவிடம் பல்வலி என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 25

கோடியாக் நகரம். கண் மருத்துவர் சின்னப் பெண். என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தபின், “தூரத்துல பருந்து மாதிரி பாக்கறீங்க. கை நீட்டற தூரம்தான் மங்கிப்போச்சு. வயசுதான், ஒண்ணும் பயப்பட வேண்டாம்” என்றாள்.

கை நீட்டும் தூரம். துப்பாக்கியின் முன்குறி சரியாக அங்கேதான் இருக்கிறது.

கண்ணாடி எழுதித் தரட்டுமா என்று கேட்டாள். எங்கள் மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வரும். மூக்குக்கண்ணாடி போட்டு ஆல்டர் புதருக்குள் நுழைந்தால் கிளை பிடுங்கிக்கொண்டுவிடும். அதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். அவளுடைய அப்பாவும் மான் வேட்டைக்காரராம். “அப்போ ஸ்கோப் மாட்டிக்கோங்களேன். குறியும் மிருகமும் ஒரே இடத்துல தெரியும். கண்ணு முன்னும் பின்னும் ஓட வேண்டாம்.”

எங்கள் முகாமில் யாரும் துப்பாக்கிமேல் அந்தத் தொலைநோக்கிக் குழலை வைத்ததில்லை. அது விருந்தாளிகளின் சாமான். பனிமூடும், கிளையில் சிக்கும், உடையும், கழுத்தை அறுக்கும் என்று நானே எத்தனை வேட்டைக்காரர்களைக் கேலி செய்திருக்கிறேன்!

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. சூப் கிண்டும் வயதா இது?

ஜனவரி 28

நிகீட்டாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். தம்பி என்றாலும் அவன் வாய் ஊர் வாய்.

“ஸ்கோப்பா? எதுக்குக்கா, கரடி மூக்குல முடி எண்ணப் போறியா?”

“உன் மண்டையில இருக்கறதை எண்ணலாம்னு. சீக்கிரம் முடிஞ்சிரும்.”

மத்ரோனா அடுப்படியிலிருந்தே சிரித்தாள். தம்பி மனைவி எப்போதும் என் பக்கம்.

பிப்ரவரி 3

இரண்டு நாளாக யோசித்து எனக்கு என்ன வேண்டும் என்று முடிவுக்கு வந்திருக்கிறேன். உருப்பெருக்கம் கீழே ஒன்றில் தொடங்க வேண்டும். புதருக்குள் கரடி பத்துக் கஜத்தில் எழுந்தால், மூன்று மடங்கில் கண்ணாடி முழுக்க ரோமம்தான் தெரியும். தலை எது, பின்புறம் எது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒன்றில் வைத்து இரண்டு கண்ணையும் திறந்து சுட வேண்டும். மேலே நான்கு போதும். விரிகுடாவுக்கு அப்பால் இருப்பது ஆணா, குட்டியோடு இருக்கும் பெண்ணா என்று பார்க்கத் தனியாக பைனாகுலர் இருக்கிறது. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையில் நான்கு அங்குலமாவது இடைவெளி வேண்டும். உள்ளே தெரியும் சிலுவைக்கோடு தடித்திருக்க வேண்டும். திருப்ப வேண்டிய குமிழ்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

அப்படிப்பட்டது என்னிடம் இல்லை. மான் துப்பாக்கியில் ஒன்று இருக்கிறது, மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு. முதலில் அதை 375இல் மாட்டிப் பழகிப் பார்க்கலாம்.

பிப்ரவரி 8

புருவத்தில் நான்கு தையல்.

கடற்கரையில் மேட்டை நோக்கிப் படுத்துக்கொண்டு சுட்டேன். மேல்நோக்கிச் சுடும்போது தலை தானாக முன்னே நகர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மான் துப்பாக்கியில் அது பொருட்டில்லை. 375 அந்த ஸ்கோப்பை நேராக என் முகத்துக்கு அனுப்பியது. அரை நிலா வடிவில் வெட்டு. சுகாதார நிலையத்தில் தைத்தவள் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நிலாவை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள்.

ரத்தத்தைத் துடைத்துவிட்டு இன்னும் நான்கு குண்டு சுட்டேன் என்பதை இங்கே மட்டும் பதிவு செய்கிறேன். ஏழாவது குண்டுக்குப் பிறகு உள்ளே சிலுவைக்கோடு சாய்ந்து நின்றது.

பிப்ரவரி 11

சனிக்கிழமை. மத்ரோனா வீட்டு பான்யாவில் பெண்கள் எல்லாரும் நீராவிக் குளியலுக்குக் கூடினோம். காலையிலேயே ஸ்கோப்பைக் குளிர்பெட்டியில் மீனோடு மீனாக வைத்திருந்தேன். அதைத் துண்டில் சுற்றி உள்ளே எடுத்துப்போனேன். குளிரிலிருந்து நேராக நீராவிக்கு. ஒரு நவம்பர் மழையை விட இது கடுமையான சோதனை.

“மதினி, குளிக்க வந்தீங்களா, எங்களைக் குறி பாக்க வந்தீங்களா?” என்றாள் மத்ரோனா.

“அவ கிட்ட முதுகைக் காட்டாதீங்கடி, உரிச்சிருவா” என்றது இருட்டுக்குள்ளிருந்து யாரோ.

சூடான கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினேன். வெளிப்புறத்தில் ஆவி படிவது சகஜம், துடைத்தால் போய்விடும். இதில் உள்புறத்தில் படிந்தது. துடைக்க முடியாத இடத்தில். அரை மணி நேரம் கழித்தும் பால் ஊற்றிய மாதிரி இருந்தது.

மானுக்குப் போதும். எனக்குப் போதாது.

பிப்ரவரி 13

ஒன்றிலிருந்து நான்கு மடங்கு வரை உள்ள ஸ்கோப் ஒன்றை வரவழைக்க எழுதிவிட்டேன். உறுதியான குழாய், தடித்த கோடு, நான்கு அங்குல இடைவெளி. அதைத் துப்பாக்கியோடு இறுக்கிப் பிடிக்கப் புதிய எஃகு வளையங்களும் சேர்த்து.

பிப்ரவரி 20

விமானம் இல்லை.

பிப்ரவரி 21

இல்லை.

பிப்ரவரி 24

வந்தது! கனமாக, அலங்காரமில்லாமல், பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. முதலில் குளிர்பெட்டி, பிறகு பான்யா. பெண்கள் இப்போது அதற்கும் ஒரு துண்டு போட்டு இடம் ஒதுக்கிவிட்டார்கள். உள்ளே ஒரு புள்ளி ஆவி இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

மீதிப் பொழுது முழுக்க அதை மாட்டுவதிலேயே கழித்தேன். மேஜையில் செய்தித்தாள் விரித்து, சாமான்களை வரிசையாக வைத்து, மீன்பிடிப் படகில் செய்வதுபோலவே செய்தேன். உப்புக்காற்றில் ஒரு திருகாணியும் துருப்பிடித்து இறுகிவிடக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் கிரீஸ். வளையத்தின் உள்பக்கத்துக்கும் மெல்லிய பூச்சு. அப்பா படகில் வளர்ந்த எவரும் ஒரு திருகாணியை வறட்டுத்தனமாக முறுக்கமாட்டார்கள். நிகீட்டாவைத் தவிர.

அழகாக இருக்கிறது. நன்றாகத் தூங்குவேன்.

பிப்ரவரி 26

முதல் மூன்று குண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. முன்குறி என்ற ஒன்று உலகத்தில் இருந்ததே மறந்துபோயிற்று. சிலுவையும் காகிதமும் ஒன்றாக, கூர்மையாக. வாய்விட்டுச் சிரித்தேன். கடல்நாய் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூழ்கியது.

ஐந்தாவது குண்டு இரண்டு அங்குலம் தாழ. என் தவறு என்று நினைத்தேன்.

எட்டாவது, நான்கு அங்குலம் தாழ, இடப்பக்கம்.

பன்னிரண்டாவது தட்டிலேயே இல்லை.

பிப்ரவரி 28

மறுபடி சரிசெய்து மறுபடி சுட்டேன். அதே கதை. நான்கு குண்டு வரை தேவதை, அதற்குப் பிறகு பிசாசு. தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. இனி ஒவ்வொரு குண்டுக்கும் உடம்பு ஆற ஒரு வாரம்.

பான்யாவில் பாஸான சாமான் கடற்கரையில் ஏன் இப்படி? உள்ளே ஏதோ உடைந்திருக்க வேண்டும். இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தும்—

மார்ச் 2

வளையங்களை விட்டுவிட்டு ஸ்கோப்பை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு நிகீட்டா வீட்டுக்குப் போய் மேஜை மேல் வைத்தேன்.

“இந்தா. நீ விளையாடு.”

“திருப்பி அனுப்பலையா?”

“அனுப்பி, அவன் மாத்தி, விமானம் வந்து சேரறதுக்குள்ள மார்ச் முடிஞ்சிரும். எனக்கு வேண்டாம். கண்ணுல படாம வச்சுக்கோ.”

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “கிடைச்ச வரைக்கும் லாபம்” என்றான்.

மார்ச் 5

ஸ்கோப் இல்லாமல், பழைய முன்குறியை நம்பி ஐந்து குண்டு. தட்டில் ஒன்று.

மார்ச் 6

எமில் கடையில் எதிர்ப்பட்டார். புருவத்தைப் பார்த்தார். “மாவு எத்தனை மூட்டை வேணும்னு நினைக்கற?” என்றார்.

ஆறு என்றேன். சொன்னபிறகுதான் புரிந்தது, சமையல்காரியிடம் கேட்கும் கேள்விக்குச் சமையல்காரியாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 12

சீசன் நெருங்குகிறது, கை சும்மா இருக்க மறுக்கிறது. படகு இயந்திரத்தின் தாங்கிகளை மாற்றிக்கொண்டிருந்தேன். பின்னால், கடற்கரையில் வெடிச் சத்தம். நிகீட்டா தன் 338இல் என் ஸ்கோப்பை மாட்டியிருந்தான். அதுவும் கழுதைபோல் உதைக்கும் துப்பாக்கிதான். விடாமல் சுட்டுக்கொண்டிருந்தான், வழக்கம்போல் ஒரு காலைப் பாறை மேல் வைத்து, வாயில் காய்ந்த மீனோடு.

“எங்க அடிக்குது?” என்று கத்தினேன்.

“வந்து பாரு.”

காப்பி டப்பாவின் மூடி. நான்கு நாளில் இருபத்திரண்டு குண்டு என்றான். எல்லாம் மூடிக்குள். இன்றைய கடைசி மூன்று, ஒரு கோப்பையால் மூடிவிடலாம்.

“எப்படி மாட்டின?”

“என்ன எப்படி? எடுத்தேன், வச்சேன், முறுக்கினேன்.”

“கிரீஸ்?”

“அதுக்கெல்லாம் யாரு எழுந்து போய் டப்பாவைத் தேடறது?”

திரும்பி இயந்திரத்துக்கு வந்தேன். புதிய தாங்கியின் நட்டை முறுக்கிவிட்டு, வழக்கப்படி நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு இழுத்தேன். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். எல்லாப் படகிலும் செய்வதுதான்.

தூரிகையைக் கையில் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

மார்ச் 13

மத்ரோனாவிடம் சிவப்பு நகப்பூச்சு வாங்கினேன். அவள் என் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “யாரு மதினி அந்த ஆளு?” என்றாள். முந்நூற்று எழுபத்தைந்து என்றேன்.

மான் துப்பாக்கியின் பழைய ஸ்கோப்பை மறுபடி 375இல், அதே புதிய வளையங்களில், அதே கிரீஸோடு மாட்டினேன். வளையத்துக்கும் குழாய்க்கும் குறுக்கே நகப்பூச்சில் ஒரு கோடு. இந்த முறை நின்றுகொண்டே சுட்டேன், முகத்தைத் தள்ளிவைத்து. ஆறு குண்டு.

கோடு உடைந்திருந்தது. இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒரு நெல்மணி அகலம்.

வளையத்தைத் திறந்து விரலை விட்டேன். வழவழவென்று இருந்தது. ஒவ்வொரு உதைக்கும் துப்பாக்கி பின்னால் போகிறது, ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது, நடுவில் நான் அன்போடு பூசிய கிரீஸ். வழுக்காமல் என்ன செய்யும்?

ஸ்கோப் உடையவில்லை. உடைந்ததென்று நான் சொன்னேன். அதையும் நல்ல கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன், மேலே, பிப்ரவரி 28இல்.

மார்ச் 14

நிகீட்டாவிடம் திருப்பிக் கேட்டேன்.

“குடுத்ததை வாங்கினா நாக்குல கொப்புளம் வரும்” என்றான்.

“வரட்டும். ரெண்டு ஜாடி மீனும் தரேன்.”

“ஜாடி மீனெல்லாம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு தேநீர் குடிக்கறப்ப, எல்லார் முன்னாடியும் ஒண்ணு சொல்லணும்.”

“என்ன?”

“ ‘என் தம்பி சோம்பேறியா இருந்ததுனாலதான் நான் பிழைச்சேன்.’ அப்படியே, ஒரு வார்த்தை மாறாம.”

மார்ச் 19

சொன்னேன். ஒரு வார்த்தை மாறாமல். பாதிரியாருக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. நிகீட்டா எழுந்து நின்று ஆசீர்வாதம் செய்வதுபோல் கையைத் தூக்கினான். மூலையில் எமில் தம் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அவர் தோள் குலுங்கியது.

வீட்டு வாசலில் மத்ரோனா ஸ்கோப்போடு இன்னொரு புட்டியையும் நீட்டினாள். “பூச்சு வாங்கினவங்களுக்கு அழிக்கறதும் வேணும்ல. எண்ணெய்ப் பிசுக்கு அத்தனையும் எடுத்துரும்.”

மார்ச் 20

சமையலறை முழுக்க நகப்பூச்சு நீக்கியின் நெடி. ஒவ்வொரு திருகாணியையும், வளையத்தின் உள்ளையும், குழாயையும் துடைத்தேன். துணி கறுப்பாக வந்தது; வெள்ளையாக வரும்வரை துடைத்தேன். விரலால் தேய்த்தால் கிறீச்சிட்டது. நாற்பது வருடப் பழக்கம் கிரீஸ் டப்பாவை நோக்கி இரண்டு முறை கையை நீட்டியது. டப்பாவை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

இந்த முறை வெறும் சட்டையோடு மாட்டவில்லை, வேட்டைக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டேன். கம்பளி, அதற்கு மேல் ரப்பர் மேலங்கி, தொப்பி, எல்லாம் போட்டுக்கொண்டு. மண்டியிட்டுப் பார்த்தேன், நின்று பார்த்தேன், மாடிப்படியை மேடாக வைத்துக்கொண்டு பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் புருவத்துக்கு நான்கு விரல் தள்ளி நிற்கும் இடத்தில் நிறுத்தினேன். எல்லாத் திருகாணியையும் மாறிமாறி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். இரண்டு வளையத்திலும் சிவப்புக் கோடு.

அடுப்படியில் ரப்பர் அங்கியோடு படியில் படுத்திருந்ததை ஜன்னல் வழியாக யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

மார்ச் 21

ஆறு குண்டு. தட்டின் நடுவில். கோடு முழுசாக.

மார்ச் 23

எட்டு. கோடு முழுசாக. தோள் இனித் தாங்காது. இதோடு நிறுத்தம்.

மார்ச் 27

தெற்கிலிருந்து அலை. ஒரு மணி நேரப் பயணம் ஒன்றரையாயிற்று. ஐந்து துப்பாக்கிகள் படகின் தரையில் தண்ணீரில் உருண்டன. என்னுடையது ஒரு முறை எழும்பி நங்கூரத்தின் மேல் ஸ்கோப் படும்படி விழுந்தது. அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் கடலைப் பார்த்தேன்.

அக்கரையில் என் முறை நான்காவது. எனக்கு முன் மூன்று பேரும் அடித்துவிட்டார்கள். கண்ணாடி மேல் உப்புத் தண்ணீர். வாயால் ஊதி, உள்ளங்கையால் துடைத்தேன். நான்கு மடங்குக்குத் திருப்பினேன். சிலுவை நேராக நின்றது. தட்டு இருந்த இடத்தில் இருந்தது.

உதை வந்தது தெரியும். சத்தம் கேட்டதாக நினைவில்லை.

எமில் நடந்துபோய்த் தட்டை எடுத்துப் பார்த்தார். திரும்பி வந்து, தட்டைக் காட்டாமல், என் துப்பாக்கியை வாங்கி முகத்தருகில் வைத்தார். நங்கூரம் பட்ட இடத்தில் ஒரு தழும்பு. அதை விரலால் தடவினார். பிறகு சிவப்புக் கோடு.

“இது என்ன, நகப்பூச்சா?”

“ஆமா.”

“நல்ல கலர்” என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தட்டைப் பிறகு நானே போய்ப் பார்த்தேன். நடுவிலிருந்து ஒன்றரை அங்குலம்.

மார்ச் 29

எமிலிடமிருந்து பேச்சு மூச்சில்லை. முகாமுக்கான மாவு மூட்டைகளைப் படகில் ஏற்றினேன். ஆறு.

ஏப்ரல் 8

முகாம். எட்டு நாளாக எழுத நேரமில்லை.

இன்று மதியம், மினசோட்டாவிலிருந்து வந்த விருந்தாளி சரிவில் ஒரு பெரிய ஆண் கரடியைச் சுட்டார். குண்டு பட்டது, ஆனால் அது ஆல்டருக்குள் போய்விட்டது. அவர் முகம் சாம்பலாயிற்று. எமில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது அடங்கட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்தோம். பிறகு அவர் என்னைப் பார்த்துத் தலையை லேசாகப் புதரின் பக்கம் சாய்த்தார். பத்தொன்பது வருடமாக அதே சைகை.

ஸ்கோப்பை ஒன்றுக்குத் திருப்பினேன். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. மழை பக்கவாட்டில். அறுபது தப்படி போக நாற்பது நிமிடம் ஆயிற்று. கிளைகளுக்கு நடுவில் பழுப்பாக ஒன்று தெரிந்தது. காது. காதில் ஒரு பழைய கிழிசல். அவ்வளவு தெளிவாக. சிலுவையை அதன் பின்னால் கழுத்தில் நிறுத்தி, மூச்சு வருகிறதா என்று நூறு எண்ணினேன். வரவில்லை. ஒரு குச்சியை எறிந்தேன். அசையவில்லை. விருந்தாளியின் முதல் குண்டே போதுமானதாக இருந்திருக்கிறது.

நான் சுட வேண்டியிருக்கவில்லை. அங்கே மண்டியிட்டிருந்த அத்தனை நேரமும் முன்குறியை நான் நினைக்கவே இல்லை என்பதைத் திரும்பி வரும்போதுதான் கவனித்தேன்.

தோலுரித்துச் சுமந்து வந்து சேர மாலையாகிவிட்டது. துப்பாக்கியைத் துடைத்தேன். கோடு முழுசாக இருக்கிறது.

சாப்பாடு எமில் சமைத்தது. சாதத்தில் உப்பு அதிகம். அவர் பார்த்துக்கொண்டே இருந்ததால் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன்.